பத்துப் பேர் அடித்த கோல்: 2023 டுராண்ட் கோப்பை இறுதி ஆட்டம்

நேரில் பார்த்த டெர்பிகளை, அதாவது ஒரே ஊர்க் கால்பந்து அணிகள் மோதும் ஆட்டங்களை, இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் பார்த்தது நாங்கள் தோற்ற ஆட்டம். இருந்தாலும் அதைத்தான் எழுதத் தோன்றுகிறது.

2023 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். டுராண்ட் கோப்பைக் கால்பந்து இறுதியில் அந்த ஊரின் இரண்டு பரம வைரிகள், ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். வேலைக்காக அந்த ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவேன், நம் ஊர் சித்தப்பா மாதிரி. பிரிவினை சமயத்தில் கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து வந்த குடும்பம். ஈஸ்ட் பெங்கால் தோற்ற ராத்திரி அந்த வீட்டில் டிவி போட மாட்டார்கள். நானும் சிவப்பு-மஞ்சள், அதாவது ஈஸ்ட் பெங்கால் ரசிகன், ஆனது அப்படித்தான்.

எனக்கென்று இன்னொரு காரணமும் இருந்தது: நந்தகுமார் சேகர், நம் சென்னைப் பையன். ஒடிசா அணியிலிருந்து அந்த சீசனில்தான் வந்திருந்தார். ஆகஸ்ட் 12 அன்று இதே தொடரின் குரூப் ஆட்டத்தில், இதே மோகன் பகானை அவருடைய ஒற்றை கோலில் ஜெயித்தோம். நாலரை வருடம் கழித்துக் கிடைத்த டெர்பி வெற்றி! அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் 2-0 என்று முன்னால் இருந்தது. ஒன்றைத் திருப்பியாயிற்று. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இரண்டாவதையும் போட்டுக் காப்பாற்றியது அவர்தான், அப்புறம் பெனால்டியில் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், நான் தமிழ்நாடு என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 'நொந்தோ, நொந்தோ' என்று வங்காளி வாயில் அந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டு கிளப்பும் அதுவரை 16 முறை டுராண்ட் ஜெயித்திருந்தன. அன்று யார் ஜெயித்தாலும் சாதனை அவர்களுக்கு. டுராண்ட் இறுதியில் இந்த இரண்டும் கடைசியாக மோதியது 2004இல், அதில் நாங்கள் 2-1.

முதல் பாதியில் கோல் இல்லை. 62ஆவது நிமிடம் மோகன் பகானின் அனிருத் தாப்பாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே போனார். எங்கள் காலரி மொத்தமும் எழுந்து நின்றது. பெரியவர் பையிலிருந்து கொடியை எடுத்து, மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரித்து, முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டார். ஜெயித்ததும் வீசுவதற்கு.

71ஆவது நிமிடம் மோகன் பகானின் பெட்ராடோஸ் கோல் அடித்தார். அந்தக் கொடி கடைசிவரை முழங்காலிலேயே இருந்தது.

தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து நந்தகுமாருக்குத்தான் கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து போய் அதை வாங்கினார்.

———

மேலே எழுதியவருக்கு வணக்கம். அதே நாள் நான் மோகன் பகானின் பச்சை-மெரூன் பக்கம் இருந்தேன். அலுவலக நண்பர் டிக்கெட் வாங்கிக்கொடுத்து இழுத்துக்கொண்டு போனார்.

தாப்பா வெளியேறியதும் நண்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த கோலைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதாது. பெட்ராடோஸ் நடு மைதானத்திலிருந்தே பந்தோடு வந்தார். யாராவது போய் மறிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். உங்கள் ஆட்கள் பின்வாங்கிக்கொண்டே போனார்கள். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே இடது காலால் ஓர் அடி. உங்கள் கோல்கீப்பர் கில் பாய்ந்தும் எட்டவில்லை. நண்பர் தலை நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் இருந்தது. என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார், அழுதுகொண்டே.

அதற்கப்புறம் பத்துப் பேரை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மோகன் பகானுக்கு 2000க்குப் பிறகு வந்த டுராண்ட் அது, 17ஆவது.

வீட்டுக்குப் போய்க் காக்குவிடம் என்ன சொன்னீர்கள்?

———

ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, டிவி அணைந்திருந்தது.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. காக்கு காலையிலேயே மார்க்கெட் போய் ஒன்றேகால் கிலோ இலிஷ் வாங்கி வைத்திருந்தார். ராத்திரி பத்து மணிக்கு அவர் மனைவி காக்கிமா அதைக் கடுகு அரைத்து விட்டுச் சமைத்தார். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். காக்கு தன் தட்டிலிருந்த மீன் முட்டைத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, 'உங்கள் பையன் நன்றாக ஆடினான்' என்றார்.