மாரிக் கூதலுக்கு வீட்டை எவ்வளவு சூடாக வைத்திருக்க வேணும்? (திருகோணமலை)

கேள்வி: கடலோர வீடு

திருக்கடலூர்ப் பக்கம், கடலுக்கு இருநூறு மீற்றருக்குள் வீடு. சீமெந்துக் கல் சுவர், அஸ்பெஸ்டஸ் சீற், சிலிங் இல்லை. படுக்கிற அறை 10 அடிக்கு 12 அடி. ஒரு யன்னல் வடகிழக்கைப் பார்த்தது, மற்றது முற்றத்துப் பக்கம். கார்த்திகைக் கடைசியிலிருந்து இரவில் மானி 24 பாகை காட்டுகிறது, ஈரப்பதன் 90 சதவீதம். அம்மாவுக்கு 74 வயது, நீரிழிவும் இருக்கு. விடியும்வரை கூதல் என்கிறா. அதே வீட்டில் மூன்று கிழமைக் குழந்தையும் இருக்கு.

2000 வாற் ஹீற்றர் ஒன்று வாங்கலாம் என்று யோசனை. எத்தனை பாகையில் வைக்க வேணும்? யன்னல்களை முழுக்கப் பூட்டுவதா, திறந்து விடுவதா? வீட்டுப் பெரியவர்கள் சிரட்டைக் கரித் தணல் வைக்கச் சொல்கிறார்கள். அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணமும் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

பதில் 1: மேசன்கரண்டி

ஹீற்றரைக் கடைசிக்கு வையுங்கோ. 24 பாகையிலும் கூதல் எடுக்கும், அதற்குக் காரணம் காற்றும் ஈரமும். விநாடிக்கு ஒரு மீற்றர் வேகக் காற்று தோலில் பட்டாலே இரண்டு மூன்று பாகை இறங்கினது போல உடம்புக்குத் தெரியும். 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. இங்கே தண்ணீர் உறைகிற குளிர் ஒருநாளும் வராது. நனைந்த உடம்பில் விடாமல் அடித்த வாடைதான் அவற்றின் சூட்டை உறிஞ்சியது.

மேல்விசிறி ஓடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எங்கட ஊரில் மாரியிலும் நுளம்புக்காக இரவிரவாக விசிறி ஓடும். அம்மாவின் கூதலில் பாதி அதனால்தான் இருக்கும். விசிறியை நிறுத்தி நுளம்புவலை கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கோ. வலைக்குள் காற்றின் வேகமும் குறையும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை வேணும்.

அடுத்தது சுவர்த் தலைக்கும் சீற்றுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. சீற்றின் ஒவ்வொரு வளைவுக்குக் கீழும் ஓர் ஓட்டை இருக்கும், வரிசையாகப் பார்த்தால் ஒரு சின்ன யன்னலளவு வரும். வாடை அடிக்கிற நேரம் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவர் ஓரமாகக் கொண்டு போங்கோ. புகை எங்கே படுத்து உள்ளே ஓடுகிறதோ அந்த இடம்தான் அடைக்க வேண்டியது. காட்போட் மட்டையைச் சீற்றின் வளைவுக்கு வரைந்து வெட்டி, அதை அச்சாக வைத்து இரண்டு அங்குலத் தடிப்புள்ள நுரைத் துண்டுகளை வெட்டிச் செருகினால் போதும். சீமெந்துக் கலவை பூச வேண்டாம். சீற் வெயிலுக்கு விரியும், இரவில் சுருங்கும். இறுக்கிப் பூசினால் கலவை வெடிக்கும், சில இடத்தில் சீற்றே பிளக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அஸ்பெஸ்டஸைக் காய்ந்தபடி அறுக்கவோ, துளைக்கவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசியில் வரும் நார் நுரையீரலில் தங்கிவிடும். குழந்தை இருக்கிற வீடு, இதைக் கட்டாயம் கவனிக்க வேணும்.

இந்த அடைப்பு வடகிழக்குச் சுவருக்கு மட்டும். முற்றத்துப் பக்கம் நுளம்பு வலைக்கம்பி அடித்து அப்படியே விடுங்கோ. வடகிழக்கு யன்னலை இறுக்கிப் பூட்டி, முற்றத்து யன்னலை இரண்டு விரல் அகலம் திறந்தால் மூச்சுக் காற்று மாறும், வாடை ஊடறுத்துப் போகாது.

பகலில் எப்போது திறப்பது என்பதிலும் பலர் பிழை விடுகிறார்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது வெளிக்காற்றிலும் உள்ளே இருக்கிற அளவு ஈரம் இருக்கும். திறந்து ஒன்றும் காயாது. மழை விட்டு வெயில் எறிக்கிற மத்தியான நேரம், வெளியே 28 பாகையும் 70 சதவீதமும் வரும்போது, எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலம் திறந்து விடுங்கோ. அந்த நேரம் விசிறியையும் போடுங்கோ.

நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறதா என்றும் பாருங்கோ. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நிலத்தில் வைத்து நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. கீழ்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேல்பக்கம் என்றால் காற்றிலிருந்து. கீழ் ஈரம் என்றால் இந்த மாரியில் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த நிலத்தில் பாய் போட்டு யாரையும் படுக்க வைக்காமல் கட்டிலுக்கு மாற்றுவது. பீலி இல்லாமல் கூரைத்தண்ணீர் அத்திவாரத்தில் விழுகிறது என்றால் முதலில் பீலி போடுங்கோ. சுவருக்கு வெளியே நீர் தடுக்கும் பூச்சு அடிக்கிற வேலை, மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்துக்கு உரியது. ஈரச்சுவரில் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரமும் உப்பும் பூச்சை உரித்துத் தள்ளும்.

பதில் 2: ஸ்காபரோவில் தம்பலகாமத்தான்

குளிர் நாட்டுக் கணக்குகளை அப்படியே ஊருக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார வழிகாட்டியில் குளிர்காலத்துக்கு உள்வீட்டு வெப்பம் குறைந்தது 18 பாகை என்று சொன்னது மிதமான, குளிரான நாடுகளுக்கு. ரொறன்ரோவில் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையாமல் வைக்க வேணும் என்பது நகர விதி. உங்கள் அறை எதுவும் செய்யாமலே 24. ஆகவே சூடு போதாது என்ற பிரச்சினை உங்களுக்கு இல்லை.

இங்கே கனடாவில் ஹீற்றர் போட்டால் வீட்டுக் காற்று வறண்டு ஈரப்பதன் 30 சதவீதத்துக்குக் கீழே போகும், உதடு வெடிக்கும். அதனால்தான் சனங்கள் ஹீற்றர் பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைக்கிறார்கள், ஈரமாக்கும் இயந்திரம் வாங்குகிறார்கள். இங்கேயிருந்து ஊருக்குப் போகும் ஆலோசனைகளில் அதுவும் சேர்ந்து போகிறது. 90 சதவீத ஈரத்தில் இருக்கிற அறைக்குள் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் பூஞ்சணத்துக்கு வைத்த சாப்பாடு. துவைத்த உடுப்பை அறைக்குள் காயப் போடுவதும் அதுதான். ஒருமுறை துவைத்துப் பிழிந்த உடுப்பில் இரண்டு லீற்றர் வரை தண்ணீர் நிற்கும், அவ்வளவும் சுவரில்தான் போய்ப் படியும்.

பதில் 3: இரண்டரை வயர்

ஹீற்றரின் அளவைக் கணக்குப் பார்ப்போம். 10 க்கு 12 அறையில் மூன்று பாகை கூட்ட, சிலிங் இல்லாத சீற்றால் ஏறத்தாழ 200 வாற் போகும், வெளிச்சுவர்களால் இன்னொரு 180 அளவு. மேசன்கரண்டி சொன்ன இடைவெளிகளை அடைத்தால் காற்றோடு போவது 100 வாற் அளவுதான். அடைக்காமல் விட்டால் அதுவே 450, 500 ஆகும். ஆக, அடைத்த அறைக்கு 500 வாற் போதும், அடைக்காத அறைக்கு 1000 வாற்றும் மட்டுமட்டு. 2000 வாற் தேவையே இல்லை.

24 பாகையில் 90 சதவீத ஈரம் உள்ள காற்றை, தண்ணீர் சேர்க்காமல் 27 ஆக்கினால் ஈரப்பதன் 75 அளவுக்கு இறங்கும். சுவரை ஒட்டிய காற்று 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வளரும், ஆகவே இந்த மூன்று பாகை பெரிய உதவி. 26 க்கும் 27 க்கும் இடையில் நிறுத்துங்கோ, அதற்கு மேல் வேண்டாம். அலுமாரியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கோ.

வாங்கினால் எண்ணெய் நிரப்பிய றேடியேற்றர், வெப்பக் கட்டுப்பாடு உள்ளதாக, ஆகச் சிறியது. விசிறி வைத்த ஹீற்றர் திரும்பவும் காற்றைத்தான் அடிக்கும். சிவக்கிற கம்பி உள்ளதை நுளம்புவலை கட்டிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. எதுவானாலும் வலையிலிருந்தும் திரையிலிருந்தும் மூன்று அடி தள்ளி இருக்க வேணும்.

மின்சாரத்தில் ஆபத்து சொக்கற்றில். 2000 வாற் என்றால் 230 வோல்ற்றில் 8.7 அம்பியர். பழைய வீடுகளில் வட்ட ஓட்டையுள்ள 5 அம்பியர் சொக்கற்தான் இருக்கும். அதில் மாற்றுப் பிளக் போட்டு ஹீற்றர் கொழுவினால் வயர் உருகும். 13 அம்பியர் சொக்கற், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், எர்த் மூன்றும் வேணும். உப்புக்காற்று அடிக்கிற வீட்டில் சொக்கற்றுக்குள் செப்பு பச்சை பிடித்துப் போயிருக்கும், அந்த இடம் சூடாகும். முதல்நாள் அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி, மின்வேலை செய்பவரைக் கூப்பிட்டுச் சொக்கற்றை மாற்றுங்கோ. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கோ. விழாவிட்டால் ஹீற்றர் வாங்குவதற்கு முன் அதை மாற்றுங்கோ.

செலவும் இருக்கு. 500 வாற் எட்டு மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 4 அலகு, மாதம் 120. இப்போது 90 அலகு எரிக்கிற வீடு 210 க்குப் போகும். 180 ஐத் தாண்டிய அலகுகளுக்கு ஆகக் கூடிய விலை.

அதே காசுக்கு ஈரம் எடுக்கும் இயந்திரம் நல்லது என்பது என் கருத்து. 250 வாற் இழுக்கிற ஒன்று மணிக்கு 400 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்தால், அந்த ஆவி தண்ணீராகும்போது வெளிவிடுகிற சூடும் சேர்ந்து அறைக்கு 500 வாற் அளவு சூடு கிடைக்கும். ஈரமும் போகும், அறையும் வெதுவெதுப்பாகும். ஏசியில் இருக்கிற ஈரம் எடுக்கும் முறையை இதற்குப் பதிலாகப் போட வேண்டாம், அது சூட்டை வெளியே தள்ளி அறையைக் குளிராக்கும்.

கடலோர வீடு

நன்றி. விசிறி ஓடுகிறதுதான், இன்றைக்கே வலை கட்டுகிறோம். தணலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அம்மாவின் காலுக்கு வெந்நீர்ப் பை வைக்கலாமா?

பதில் 4: தாதியக்கா

தணல் வேண்டாம் தம்பி. சிரட்டைக் கரி புகையாமல் எரிவதால் பாதுகாப்பு என்று பெரியவர்கள் நினைப்பார்கள். புகையாத தணலில்தான் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கூட வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, சத்தி, மயக்கம் என்று வரும், நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. நீங்கள் இப்போது சுவர் இடைவெளிகளையும் அடைக்கப் போகிறீர்கள், அப்போது ஆபத்து இரட்டிப்பு. குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி பிடிப்பதையும் இந்த மாரிக்கு விடுங்கோ.

குழந்தைக்கு வழமையான உடல் வெப்பம் 36.5 இலிருந்து 37.5 வரை. கையைச் சூடாக்கிக்கொண்டு வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கோ. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் பிழையில்லை. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் குழந்தைக்குக் குளிர்கிறது. தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு மேலே போர்த்துங்கோ. வயிறும் குளிர்ந்து, பால் குடிக்காமல் சோர்ந்திருந்தால் வீட்டில் வைத்திருக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும். உடுப்பு, உங்களுக்குத் தேவையானதை விட ஒன்று கூட, அவ்வளவுதான். 26 பாகை அறையில் தூங்கும்போது தொப்பி, தடித்த போர்வை, தலையணை எதுவும் வேண்டாம். கழுத்தின் பின்பக்கம் வியர்த்திருந்தால் கூடிவிட்டது.

அம்மாவுக்குக் கூதல் என்றால் முதலில் வெப்பமானி வையுங்கோ, நடுக்கம் காய்ச்சலாகவும் இருக்கலாம். நடுக்கத்தோடு குளிர்ந்த வியர்வையும் வந்தால் சீனி குறைந்திருக்கக்கூடும், உடனே சோதியுங்கோ. உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

வெந்நீர்ப் பை வைக்கலாம், ஆனால் அவ படுக்க முந்திப் படுக்கையைச் சூடாக்க மட்டும். நீரிழிவில் பாதத்தின் உணர்வு குறைந்திருந்தால் சுடுவது தெரியாது, விடியப் பார்த்தால் கொப்புளம் போட்டிருக்கும், ஆற மாதக்கணக்காகும். கொதித்த தண்ணீரைச் சில நிமிடம் ஆறவிட்டு முக்கால்வாசிக்கும் குறைவாக ஊற்றி, பையை அமத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கோ. துணியுறை போட்டு ஒரு கால் மணித்தியாலம் போர்வைக்குள் வைத்து, அவ ஏறிப் படுக்கும்போது எடுத்துவிடுங்கோ. பையில் பூ மாதிரி ஒரு அச்சு இருந்தால் நடுவில் இருக்கிற எண் செய்த வருடம். இரண்டு வருடம் பாவித்ததை மாற்றுங்கோ. பிறகு காலுக்கு இறுக்கமில்லாத பருத்திக் காலுறை போதும். விடியற்காலைக் கிணற்றுத் தண்ணீர்க் குளிப்பை மத்தியானத்துக்கு மாற்றுங்கோ, தலை முழுக்கக் காய்ந்த பிறகே படுக்கட்டும்.

பதில் 5: மேசன்கரண்டி

ஒன்று விட்டுப்போச்சு. மலிவான ஈரமானிகள் பத்துச் சதவீதம் வரை பிழை காட்டும். ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டு ஈரமணல் போலாக்குங்கோ, கரையக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டி எட்டு மணித்தியாலம் கழித்துப் பாருங்கோ, 75 காட்ட வேணும். 83 காட்டினால் உங்கட 90 உண்மையில் 82 தான், ஈரம் எடுக்கும் இயந்திரத்துக்குக் காசு கொடுக்க முன் வலையும் நுரை அடைப்பும் காணுமா என்று ஒரு கிழமை பார்க்கலாம்.