பாக்கெட் கேமராவில் பட்டாம்பூச்சி: பூ தெளிவு, பூச்சி கலங்கல். எங்கே தப்பு?

இலைநுனி:
30 மடங்கு ஜூம் உள்ள பாக்கெட் கேமரா. லென்ஸின் முன்னால் ஃபில்டர் திருக மரை கிடையாது. இட்லிப்பூவுக்கு வரும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியை மேக்ரோவில் (கிட்டத்தில் எடுக்கும் அமைப்பு) எடுக்கலாம் என்று கிட்டே போனால் பறந்துவிடுகிறது. தள்ளி நின்று முழு ஜூம் போட்டால் ஃபோகஸ் பிடிக்க மாட்டேன் என்கிறது. பிடித்தாலும் பூங்கொத்துதான் தெளிவு. எல்லாமே ஆட்டோவில் எடுத்தவை.

மூன்றாம்கண்:
பூப்படம் போட்ட மேக்ரோவில் சில செ.மீ. வரை நெருங்கலாம் என்பது ஜூமைத் தொடாதவரைதான். ஜூம் ஏற ஏற அந்தக் குறைந்தபட்ச தூரமும் நீளும். முழு ஜூமில் பல கேமராக்களுக்கு அது ஒரு மீட்டரைத் தாண்டும். ஒரு செம்பருத்தியை வைத்துச் சோதியுங்கள்: பாதி ஜூமில் நின்று, ஃபோகஸ் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கட்டம் விழும்வரை பின்னால் நகர்ந்து, தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். முக்கால், முழு ஜூமுக்கும் அப்படியே. டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள், அது வெறும் வெட்டிப் பெரிதாக்கல்.

பூ தெளிவாவதற்குக் காரணம் பல புள்ளி ஃபோகஸ், அதாவது எங்கே ஃபோகஸ் என்பதைக் கேமராவே தேர்ந்தெடுப்பது. சிவப்புக் கொத்து பளிச்சென்று இருப்பதால் கேமரா அதைப் பிடித்துக்கொள்கிறது. நடுப்புள்ளிக்கு மாற்றி, கட்டத்தைச் சிறிதாக்கி, பூச்சியின் கண்மேல் வைத்து பாதி அழுத்துங்கள். அதன்பின் நீங்கள் முன்னே பின்னே அசைந்தால் போச்சு.

இறக்கைக் கலங்கல் வேறு விஷயம். அழகி வகைகள் தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும், ஷட்டர் வேகம் 1/250 நொடி போதாது. ஷட்டர் முன்னுரிமையில் (வேகத்தை நாமே வைக்கும் அமைப்பு) 1/1000 வையுங்கள். நல்ல வெயிலில் எஃப் 6.3 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200-லேயே அது கிடைக்கும். ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் ஏற்றினால் இந்தச் சின்ன சென்சாரில் இறக்கைச் செதில்கள் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும்.

பகல்வெளிச்சம்:
அமைப்பெல்லாம் சரிதான், ஆனால் பழகுவதற்குக் கறிவேப்பிலை அழகி வேண்டாம். ஓர் இடத்தில் நிற்காது. நீல வரியன், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிகள் இரண்டும் பூவில் அமர்ந்து நிதானமாகக் குடிப்பவை. கிலுகிலுப்பைச் செடி இருந்தால் இன்னும் நல்லது. வாடிய, காயம்பட்ட இலை தண்டுகளில் ஆண் வரியன்கள் சாறு உறிஞ்ச மொய்க்கும். பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கான ஆல்கலாய்டு என்ற தாவர வேதிப்பொருளை அங்கிருந்துதான் எடுக்கின்றன. அந்த மும்முரத்தில் பல சமயம் ஒரு சாண் வரை நெருங்க விடும், ஜூம் இல்லாத மேக்ரோவே போதும்.

நிழல் மேலே விழாதபடி, குனிந்தே நெருங்குங்கள். நிமிர்ந்து நிற்பதும் சட்டென்று கை நீட்டுவதும்தான் விரட்டும். இறக்கை மூடியிருந்தால் கேமராவின் முதுகு இறக்கைக்கு இணையாக இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் இறக்கையின் ஓரம் மங்கும். காலையில் வெயில் காயும்போது விரித்து வைத்திருக்கும், அப்போது மேலிருந்து.

இலைநுனி:
நன்றி. மரை இல்லாத கேமராவில் க்ளோஸ்அப் லென்ஸ் (முன்னால் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைக்க முடியுமா? வெள்ளைப் பூச்சி வெளுத்துப் போவதற்கு என்ன செய்வது?

மூன்றாம்கண்:
முடியும், ஆனால் நீளும் லென்ஸ் குழாயில் ஒட்டித் தொங்கவிடாதீர்கள், மோட்டாருக்கு ஆகாது. இடது கையால் முன்னால் ஒட்டினாற்போல் பிடித்தால் போதும். அதன் சக்தி +2 டயாப்டர் என்றால் ஃபோகஸ் அதிகபட்சம் 50 செ.மீ., +4 என்றால் 25 செ.மீ. அதற்கு அப்பால் எதுவும் தெளியாது, ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். முழு ஜூமோடு சேர்த்துப் பயன்படுத்த +2 வாங்குங்கள். +4-இன் தூரத்துக்கு அழகி நிற்காது.

பகல்வெளிச்சம்:
வெள்ளைக்கு: பின்னால் கரும்பச்சை இலை இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) −0.7 வைத்து ஒன்று, −1 வைத்து ஒன்று எடுங்கள். இறக்கை நரம்பு எதில் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையே படச்சட்டம் முழுக்க நிறைந்தால் கணக்கு தலைகீழ், +0.3.