பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது சரியா?

கல்லூரிக்கணக்கு: 2017-18-இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை, 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை எடுத்துவிட்டது. எல்லாரும் கைதட்டுகிறீர்கள். எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது மறந்துபோச்சா? பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டையே நடத்தின. கணக்கில் சென்டம் வாங்கிவிட்டு, வகையிடல் அடிப்படை தெரியாமல் முதல் செமஸ்டருக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இயற்பியல் வாத்தியார்: தப்பு செய்தது அவர்கள், தண்டனை என் பிள்ளைகளுக்குமா சார்? அந்தத் தேர்வு இருந்தவரை எங்கள் அரசுப் பள்ளியில் பொங்கல் முடிந்தால் பாடம் நின்றுவிடும். அப்புறம் மினிமம் மெட்டீரியல்தான். எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து எடுக்க எது போதுமோ, அது மட்டும். ஒரு பையன் பெர்னௌலி தேற்றத்தை வரி பிசகாமல் எழுதியிருந்தான். ஆனால் அடர்த்திக்கான ரோவுக்கும் (ρ) அழுத்தத்துக்கான பி-க்கும் (P) ஒரே எழுத்தைப் போட்டிருந்தான். அவனுக்கு அந்தச் சமன்பாடு பார்த்துப் போட்ட கோலம்.

கல்லூரிக்கணக்கு: பத்திலும் பன்னிரண்டிலும் அதேதானே நடக்கிறது? அவற்றையும் எடுத்துவிடலாமா?

இயற்பியல் வாத்தியார்: பன்னிரண்டு இருக்கட்டும். 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் அந்த மார்க்கை வைத்துத்தான் பொறியியல் சீட் தருகிறார்கள். கோச்சிங் போக வழியில்லாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம். பதினொன்றின் மார்க் எதற்கு உதவியது? முதலில் இரண்டையும் சேர்ப்போம் என்றார்கள். 2018-இலேயே உயர்கல்விக்கு அது தேவையில்லை என்று மாற்றிவிட்டார்கள். மிஞ்சியது எங்கள் தேர்ச்சி விழுக்காடு. ரிசல்ட் வந்ததும் மீட்டிங்கில் 'எத்தனை ஃபெயில்?' என்றுதான் கேட்பார்கள். யாருக்கு என்ன புரிந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிளஸ்ஒன் அம்மா: மகள் படிப்பது தனியார் பள்ளி. காலாண்டு முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

கல்லூரிக்கணக்கு: பார்த்தீர்களா!

இயற்பியல் வாத்தியார்: அதைப் பிடிக்க அதிகாரிகள் இருக்கிறார்களே. ஆய்வுக்குப் போகட்டும்.

கல்லூரிக்கணக்கு: ஆய்வா? நாம் உருப்படியாக நடத்திய ஒரே ஆய்வு அந்தப் பொதுத்தேர்வுதான் சார்.

இயற்பியல் வாத்தியார்: சரி, பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் பதினொன்றிலிருந்து கட்டாயக் கேள்வி இரண்டு வையுங்கள். அவர்களும் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். எனக்கும் மார்ச் வரை பாடம் நடத்த முடியும்.

பிளஸ்ஒன் அம்மா: அந்த இரண்டு கேள்விக்கும் தனியாக கைடு போட்டுவிடுவார்கள் சார்.

இயற்பியல் வாத்தியார்: போடட்டும். அதற்கு முன்னாலேயே மெட்டீரியல் தயாரிக்கச் சொல்லி எனக்கு போன் வந்துவிடும்.