லான் ஒட்ட வெட்டிட்டேன், எல்லாம் பழுப்பாயிருச்சு, மறுபடி வருமா?

கேள்வி:
வீட்டு முன்னாடி சின்ன லான், அருகம்புல் வகைதான். வேலை ஜாஸ்தின்னு அஞ்சு வாரம் கவனிக்காம விட்டதுல கணுக்காலுக்கு மேல வளந்துருச்சு, போன ஞாயிறு மோவர எடுத்து இனி ஒரு மாசத்துக்கு கவலை இல்லன்னு அடியோட ஒட்ட வெட்டிட்டேன். இப்ப முக்கால்வாசி வைக்கோல் மாதிரி கிடக்கு. புல் செத்துருச்சா? பிள்ளைங்க ஓடியாடுற இடம், பாக்கவே கஷ்டமா இருக்கு.

பதில் 1:
செத்துருக்காதுங்க. புல்லோட குருத்து நுனியில இல்ல, மண்ண ஒட்டி அடியில இருக்கு, அதனாலதான் எத்தன தடவ வெட்டுனாலும் திரும்ப வருது. ஆனா ரொம்ப உயரமா விட்டா பச்சை இலையெல்லாம் மேல போயிரும், கீழ வெயில் படாம வெறும் தண்டுதான் மிஞ்சும், நீங்க வெட்டி எடுத்தது மொத்த இலையையும், இப்ப பழுப்பா தெரியிறது அந்த தண்டு. இலைதான் புல்லுக்கு அடுப்படி மாதிரி, அது ஒரே நாள்ல போச்சுன்னா வேர் வளர்றது நின்னு, இருக்குற சேமிப்பெல்லாம் புது இலை விடவே செலவாகும்.

ஒரு தடவைக்கு உயரத்துல 3ல 1 பங்குக்கு மேல வெட்டாதீங்க. 2 இஞ்ச்ல வச்சுக்கணும்னா 3 இஞ்ச் வந்ததும் வெட்டிரணும். நல்லா வளர்ற சீசன்ல அது வாரம் ஒரு தடவ வரும், வளர்ச்சி குறையிறப்ப ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால கிழமை பாக்காம உயரத்த பாருங்க. இப்படி அளவா வெட்டிட்டே வந்தா பக்கத்துல தூர் கட்டி அடர்த்தியாகும், மண்ணு மேல வெளிச்சம் விழாததால களை விதையும் அவ்வளவா முளைக்காது.

பதில் 2:
பிளேடையும் பாத்துருங்க ப்ரோ. வெட்டுன மறுநாள் ஒரு புல்ல பறிச்சு நுனிய கண்ணுகிட்ட வச்சு பாருங்க, நேரா வெட்டுப்பட்டிருந்தா ஓகே, நார் நாரா கிழிஞ்சு வெளுத்திருந்தா பிளேடு மழுங்கிருச்சுன்னு அர்த்தம், கிழிஞ்ச எடத்துல தண்ணியும் போகும் நோயும் ஈசியா ஏறும். சாணை பிடிச்சாலே பாதி பிரச்சனை தீரும். கழட்டறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிருங்க, பெட்ரோல் மோவர்னா ஸ்பார்க் பிளக் வயர கழட்டிருங்க, இத மட்டும் மறந்துராதீங்க. ஈரத்துல வெட்டவும் வேணாம், கட்டி கட்டியா அப்பிக்கும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வைக்கோல விலக்கி பாத்தேன், அடியில ஊசி முனை மாதிரி பச்சை தெரியுது, உசுரே வந்துச்சு! வெட்டுன புல்ல அள்ளணுமா?

பதில் 3:
இந்த தடவ நீளமா விழுந்திருக்குமே, அத வாரிருங்க, இல்லன்னா மூடி அழுகிரும். இனிமே அளவா வெட்டுறப்ப விழுற துணுக்க அப்படியே விடுங்க, பெரும்பகுதி தண்ணிதான், சீக்கிரம் மக்கி அதுல இருக்குற நைட்ரஜன் திரும்ப மண்ணுக்கே போகும். நான் பல வருஷமா வாரறதே இல்ல, உரமும் கம்மியாதான் போடுறேன். ஒரே பக்கமா ஓட்டாம ஒரு வாரம் நெடுக்க, மறுவாரம் குறுக்க ஓட்டுங்க, இல்லன்னா புல் ஒரு பக்கமா சாஞ்சு போய் சக்கரத் தடம் பள்ளமாயிரும். தினமும் லேசா தெளிக்கிறதா இருந்தா அதையும் மாத்துங்க, நாலு நாளுக்கு ஒருக்கா ஆழமா நனையிற மாதிரி விட்டா வேர் கீழ இறங்கும். புதுப் புல் 3 இஞ்ச் தொடுற வரைக்கும் மோவர எடுக்காதீங்க.