பொடியைப் போட்டால் பெயர் வருமா? ஆய்வக அனுபவங்கள்

பகுப்பாய்வாளர், தனியார் ஆய்வகம்:
என் மாமியார் துப்பறியும் தொடர்களை விடமாட்டார். சட்டைக் கறையைப் பஞ்சால் ஒற்றிக் கருவிக்குள் வைக்கிறார்கள். விளம்பரம் முடிவதற்குள் வேதிப்பெயர், தயாரித்த நிறுவனம், விற்ற கடை வரை திரையில் வந்துவிடுகிறது. "மாப்பிள்ளை, நீங்களும் இந்த மெஷினில்தானே வேலை பார்க்கிறீர்கள்? பிறகு ஏன் வீடு திரும்ப இவ்வளவு நேரமாகிறது?" என்கிறார்.

அதே ஜிசி-எம்எஸ் கருவிதான்; கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் மூலக்கூறு துண்டுகளின் நிறையை வைத்து அடையாளம் காட்டும். உள்ளே கால் மில்லிமீட்டர் விட்டத்தில் 30 மீட்டர் குழாய் சுருண்டு கிடக்கிறது. ஆவியான மாதிரி, ஹீலியத்தோடு அதைக் கடந்து வர அரை மணி நேரம் ஆகும். அதற்கு முன் வெறும் கரைப்பானை ஓட்டி, பழைய மாதிரியின் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஸ்டாண்டர்டுகளை, அதாவது என்ன பொருள், எவ்வளவு என்று முன்பே தெரிந்த மாதிரிகளை, வரிசையாக ஓட்ட வேண்டும்.

பெயர் வருவது பொய்யில்லை. எங்கள் கணினியும் பெயர் சொல்லும். ஆனால் ஒரு பட்டியலாக, ஒவ்வொன்றுக்கும் ஒற்றுமை மதிப்பெண்ணோடு. பெயின்ட் தின்னரில் இருக்கும் சைலீனில் ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று வகை. கருவி வரையும் நிறை வரைபடத்தில் மூன்றுக்கும் 91 என்ற நிறையில் உயரமான கோடு, 106-இல் அடுத்தது. கணினி மூன்றையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு நீட்டும். ஆர்த்தோ சற்றுத் தாமதமாக வெளியே வருவதால், ஸ்டாண்டர்டு வந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பிரித்துவிடலாம். மெட்டாவும் பாராவும் சாதாரணக் குழாயில் கைகோத்துக்கொண்டே வரும். அறிக்கையில் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிவிடுவோம். எந்தத் துப்பறிவாளர் இதை ஒப்புக்கொள்வார்?

மிளகாய்த்தூள் ஏற்றுமதியாளர்:
2003-இல் பிரான்சில் மிளகாய்ப் பொருள்களில் சூடான் 1 என்ற, உணவில் சேர்க்கக் கூடாத சாயம் பிடிபட்ட பிறகு, ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கோடு ஆய்வறிக்கை கட்டாயமாகிவிட்டது. என் அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்ததும் நிம்மதியாக அனுப்பினேன். வாங்குபவர் "எந்த அளவுக்குக் கீழே?" என்று திருப்பிக் கேட்டார். ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "அறவே இல்லை என்று எங்களால் எழுத முடியாது சார். எங்கள் முறைக்கு எட்டும் அளவில் தென்படவில்லை என்றுதான் எழுதுவோம். அந்த அளவு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, பாருங்கள்" என்றார்கள். அந்தக் கட்டத்தை நான் படித்ததே இல்லை.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
தொலைக்காட்சியை மட்டும் திட்டாதீர்கள். கண்ணெதிரே காட்டினால்தான் நம்புவோம் என்பது பழைய கதை. இங்கிலாந்தில் 1832-இல் ஓர் ஆர்சனிக் கொலை வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் நஞ்சு இருப்பதைச் சோதித்து மஞ்சள் வீழ்படிவாகக் காட்டினார். ஜூரிகள் முன் வைப்பதற்குள் அது கெட்டுப்போனது; குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலை. அந்த எரிச்சலில்தான் 1836-இல் புதிய சோதனையை வெளியிட்டார்: ஆர்சனிக், கண்ணாடிக் குழாயின் மேல் பளபளக்கும் கரும்படலமாகப் படியும், யாருக்கும் காட்டலாம்.

பகுப்பாய்வாளர்:
அந்தக் குழாயைக் கழுவியது யார் ஐயா? எங்கள் நாளில் பாதி அசிட்டோன் ஊற்றிக் கழுவுவதிலேயே போகிறது.