அந்த விருந்துக்கு லாக்கை அழைக்காதது யார்?

ஏட்டுச்சுவடி:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "ஆக்ஸ்ஃபோர்டு நிறம் பார்க்கவில்லை, ரோட்ஸ் உதவித்தொகையில் வந்த அமெரிக்கப் பையன்கள்தான் நிறவெறியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அலேன் லாக், ஃபிலடெல்ஃபியாக்காரர், ஹார்வர்டில் படித்தவர். வைரச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் உயில்படி, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கொடுக்கும் அந்த உதவித்தொகையை 1907-இல் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். ஆனால் உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டும். பல கல்லூரிகள் கைவிரித்தன. கடைசியில் ஹெர்ட்ஃபோர்டு எடுத்துக்கொண்டது. கைவிரித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? டெக்சாஸா?

தேம்ஸ்கரை:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். விருந்தை மட்டும் லாவகமாக விட்டுவிட்டீர்களே? 1907-இல் நன்றி நவிலும் நாளுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அமெரிக்கர்கள் விருந்து வைத்தார்கள். லாக்குக்கு அழைப்பு இல்லை. தென் மாநிலத்துப் பையன்கள் அவரோடு ஒரே மேசையில் உட்கார மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். இதில் ஆங்கிலேயன் எங்கே வந்தான்?

ஏட்டுச்சுவடி:
விருந்து ஒரு ராத்திரிச் சமாச்சாரம். கல்லூரி மூன்று வருடம்.

தேம்ஸ்கரை:
ஒரு ராத்திரியா? லாக்கை அனுப்பிவிடுங்கள் என்று உதவித்தொகை கொடுக்கும் ரோட்ஸ் அறக்கட்டளை வரை போய் முறையிட்டார்கள் ஐயா. முடியாது என்று சொன்னது யார்? லண்டனில் இருந்த அறங்காவலர்கள். விருந்துக்கு அழைக்காதவன் அமெரிக்கன், மறுபேச்சில்லாமல் உதவித்தொகையைக் கொடுத்தவன் ஆங்கிலேயன்.

ஏட்டுச்சுவடி:
ஆகா, அறங்காவலர்கள்! அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் மில்னர் பிரபு. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் டச்சு வம்சாவளியினருக்கும் நடந்த போயர் போரை மூட்டிவிட்ட பெருமை யாருக்கு என்று கேட்டால் எல்லோரும் கைகாட்டும் அதே மில்னர். அவர் கையெழுத்தில் நிறவெறி இல்லை என்று நற்சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான்.

கணக்கப்பிள்ளை:
நடுவில் ஒரு சந்தேகம். உதவித்தொகை ஆளுக்கு வருடம் 300 பவுன் அல்லவா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் கூலிக்காரனுக்கு வாரம் ஏறக்குறைய ஒரு பவுன். ஜமீன்தார் வாழ்க்கை வாழ்ந்துவிட்டு, விருந்துக்குக் கூப்பிடவில்லை என்று அழுவானேன்?

ஏட்டுச்சுவடி:
கணக்கப்பிள்ளை, கணக்கையாவது சரியாகப் போடுங்கள். பருவத்துக்கு எட்டு வாரம், மூன்று பருவம். மிச்சமுள்ள அரை வருடத்துக்கு மேல் விடுமுறை, அப்போது சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அதே 300-இல்தான். கட்டணம், அறை, கரி, வேலையாளுக்குக் காசு வேறு. இதுவா ஜமீன்?

கணக்கப்பிள்ளை:
தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் கறுப்பினத் தொழிலாளிகளை வேலிக்குள் அடைத்துவைத்து ரோட்ஸ் சேர்த்த காசு அது. அதைப் பேசினால் மட்டும் உங்களுக்குப் பேச்சு மாறிவிடும்.

ஏட்டுச்சுவடி:
நான் எப்போது ரோட்ஸுக்கு வக்காலத்து வாங்கினேன்? போன மாதம் கிரேக்கப் பரீட்சை இழையிலும் இதையேதான் செய்தீர்கள். நான் சொல்லாததற்குப் பதில் எழுதிவிட்டு ஓடிப்போனீர்கள். மறக்கவில்லை.

நட்சத்திரவாசி:
வானியலாளர் ஹப்பிளும் 1910-இல் இதே உதவித்தொகையில் அப்படிப் போன அமெரிக்கர்தானே? குயின்ஸ் கல்லூரி, அப்பாவின் ஆசைக்காகச் சட்டம். ஊர் திரும்பியபோது வாயில் பைப், தோளில் மேலங்கி, பேச்சு அசல் ஆங்கிலேயன். அவரையெல்லாம் யாரும் ஒதுக்கவில்லையே.

ஏட்டுச்சுவடி:
அவர் வெள்ளைக்காரர் என்பதை இப்போதுதான் கவனிக்கிறீர்களா?

நட்சத்திரவாசி:
சாதாரணமாகத்தான் கேட்டேன் சார். இந்தக் குழுமத்தில் வாய் திறந்தாலே குற்றம்.

தேம்ஸ்கரை:
விருந்துக்கு வாருங்கள். ஹொரேஸ் காலன் என்று ஒரு யூத மாணவர், ஹார்வர்டிலேயே லாக்கை அறிந்தவர், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். லாக் இல்லாத விருந்துக்கு நானும் வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். லாக்கைத் தேநீருக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசினார். கல்லூரிதான் குற்றவாளி என்றால் காலன் எதற்காக விருந்தைப் புறக்கணித்தார்? பதில் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
நீங்கள் சொன்ன காலனும் அமெரிக்கர்தான். உங்கள் கட்சிக்கு நீங்களே வேட்டு வைக்கிறீர்கள்.

தேம்ஸ்கரை:
கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, இன்னொன்று. லாக்குக்குப் பிறகு அடுத்த கறுப்பின அமெரிக்கருக்கு அந்த உதவித்தொகை கிடைத்தது 1960-களில். ஏறக்குறைய ஐம்பத்தைந்து வருடம்! தேர்வுக்குழுக்கள் உட்கார்ந்திருந்தது எங்கே? அமெரிக்க மாநிலங்களில். உயிலில் ரோட்ஸ் தெளிவாக எழுதிவைத்தார், இனத்தைக் காரணம் காட்டி யாரையும் தள்ளக்கூடாது என்று.

ஏட்டுச்சுவடி:
அந்த வரி யாரை நினைத்து எழுதியது? தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரையும் டச்சுக்காரரையும் நினைத்து. இரண்டும் வெள்ளை இனம். கறுப்பர் ஒருவர் மனுப் போடுவார் என்று அந்த மனிதர் கனவில்கூட நினைத்திருக்கமாட்டார். இதை ஐம்பது முறை எழுதியாயிற்று. நீங்கள் படிப்பதில்லை, விருந்து விருந்து என்று இலை முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மலைக்கள்ளி:
இரண்டு பேரும் லாக்கை விட்டுவிட்டீர்கள். ஜீசஸ் கல்லூரியில் இருந்த தென்னாப்பிரிக்கர் பிக்ஸ்லி செமே அவருக்கு நண்பர். இந்தியர், ஆப்பிரிக்கர் என்று குடியேற்ற நாட்டு மாணவர்களோடு சேர்ந்து காஸ்மோபாலிட்டன் கிளப் என்று ஒன்று நடத்தினார்கள். பின்னால் 1912-இல் தென்னாப்பிரிக்காவில் காங்கிரஸை (இன்றைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) தொடங்க முன்னின்றவர் அதே செமே. அவர்கள் பேசியதில் பத்தில் ஒரு பங்கையாவது இங்கே பேசலாமே.

ஏட்டுச்சுவடி:
அம்மணி, தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி கல்லூரிகளைப் பற்றியது.

தேம்ஸ்கரை:
தலைப்பை ஒருமுறை படியுங்கள். நீங்களே வைத்தது. விருந்து என்று இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
தலைப்பு உங்கள் கூற்றைக் கிண்டல் செய்வதற்காக வைத்தது. அதுவும் புரியவில்லையா?

கணக்கப்பிள்ளை:
கிரேக்கப் பரீட்சை இழையில் நான் ஓடவில்லை. மட்டுறுத்துநர் பூட்டிவிட்டார். வேண்டுமானால் அவரையே கேளுங்கள்.

தேம்ஸ்கரை:
லாக் பட்டம் வாங்காமல் 1910-இல் பெர்லினுக்குப் போனார். அதற்கும் ஹெர்ட்ஃபோர்டுதான் காரணம் என்பீர்களோ?

ஏட்டுச்சுவடி:
விருந்தில் சோறு போடாததால் என்று நீங்கள் சொல்லாமல் இருந்தால் சரி. கைவிரித்த கல்லூரிகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆறாவது முறையாகக் கேட்கிறேன்.

தேம்ஸ்கரை:
அழைப்புப் பட்டியலை எழுதியது யார்? நானும் ஆறாவது முறை.