பூக்களின் பள்ளத்தாக்கில் மறுபடி ஆடு மேய்க்க விடலாமா?

மலைநடை:
உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. அதோடு மேய்ச்சலையும் நிறுத்தினார்கள். இன்று அங்கே பல சரிவுகளில் ஆள் உயரத்துக்குப் பாலிகோனம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதன் அடியில் சின்னப் பூச்செடி எதுவும் பிழைப்பதில்லை. வனத்துறை கூலி கொடுத்துப் பிடுங்குகிறது, அது திரும்ப முளைக்கிறது. தளிராக இருக்கும்போதே ஆடுகள் கடித்தும் மிதித்தும் அதை அடக்கி வைத்திருந்தன என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். கணக்கு வைத்து ஆடுகளைத் திரும்ப விட வேண்டும் என்பது என் கட்சி.

தாவரப்பிரியை:
கடுமையாக மறுக்கிறேன். பாலிகோனம் வெளியிலிருந்து வந்த களை இல்லை, இமயமலைச் செடிதான். மண் சரிந்த இடம், பனிச்சரிவு உருண்ட தடம், பழைய ஆட்டுப்பட்டி கிடந்த இடம், இங்கெல்லாம்தான் அது முதலில் வேர் பிடிக்கும். மேய்ச்சல் புண்ணாக்கிய நிலத்தில் வந்ததற்கு மேய்ச்சலே மருந்தா?

அங்கே ஜூனில் பனி உருகினால் செப்டம்பர் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும். முளைப்பதும் பூப்பதும் விதைப்பதும் அந்த நாலு மாதத்துக்குள். ஜூலையில் ஒரு மந்தை நுழைந்தால் அந்த வருட விதை போச்சு. நம் நாட்டு மருந்துக்கடையில் வாங்கும் அதிவிடயமும் கடுகுரோகிணியும் இமயத்தின் உயர்ந்த புல்வெளிகளில் வளர்பவை. கிழங்கும் வேரும் பருக்க வருடக்கணக்காகும்.

மலைநடை:
பரத்பூர் பறவைகள் சரணாலயத்திலும் அதே 1982-ல்தான் எருமைகளைத் தடுத்தார்கள். பாஸ்பாலம் புல் நீர்நிலையை அடைத்துக்கொண்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல வருடம் ஆய்ந்து, மேய்ச்சல் அங்கே தேவை என்றது. இதை எப்படித் தள்ளுவீர்கள்?

தாவரப்பிரியை:
அது வெயிலும் தண்ணீரும் உள்ள சமவெளிச் சதுப்பு. தின்றது தழைக்கப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. அதை 3,000 மீட்டருக்கு மேலே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

கிடைக்காரன்:
இராமநாதபுரம் பக்கம் ஆட்டுக்காரக் குடும்பம் நாங்கள். இரண்டு பேரும் ஆட்டுத்தலையைத்தான் எண்ணுகிறீர்கள். ஆடு ராத்திரி எங்கே படுக்கிறது, எத்தனை ராத்திரி படுக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. வயலில் கிடை போட்டால் ஓரிரு ராத்திரியில் இடம் மாற்றுவோம். மாற்றாவிட்டால் புழுக்கையும் மூத்திரமும் ஒரே இடத்தில் சேர்ந்து மண் வெந்துவிடும். இமயத்தில் பட்டி நகராத இடங்களில் சுக்கான்கீரை இனத்துச் செடி ஒன்று மட்டும் முசுமுசுவென்று நிற்கும். அக்கா சொல்லும் புண் அதுதான்.

இமாச்சலத்து ‘கத்தி’ (Gaddi) என்ற இடையர் சமூகத்தாரைப் பாருங்கள். குளிருக்குக் காங்க்ராவின் தாழ்ந்த குன்றுகள், கோடைக்குத் தவுலாதார் மலைத்தொடரின் கணவாய் தாண்டி உயரத்திலுள்ள லாஹுல். எந்த வழி, எத்தனை ஆடு என்று அனுமதிச் சீட்டிலேயே இருக்கும். ஒரு புல்வெளியைப் பூட்டினால் மந்தை மறைந்துவிடாது. பக்கத்துப் புல்வெளியில் இரட்டைப் பாரமாக இறங்கும். அந்த அழிவு யார் கணக்கில்?

தாவரப்பிரியை:
அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது, தம்பி. அதனால்தான் 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புல்வெளிகளில் வணிக மேய்ச்சலைத் தடுத்தபோது, உள்ளூர் இடையர்களுக்கு அளவோடு இடம் விட்டதை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பூங்கா மொத்தமே 87.5 சதுர கிலோமீட்டர். இதையாவது விட்டுவைப்போம்.

மலைநடை:
செப்டம்பரில், விதை கொட்டிய பிறகு விட்டால்?

தாவரப்பிரியை:
அதற்குள் பாலிகோனம் தண்டு தடித்துவிடும். எந்த ஆடு கடிக்கும்? தளிர் வேண்டுமென்றால் ஜூன். ஜூனில் விட்டால் பூச்செடிகளின் தளிரும் சேர்ந்து போகும்.

கிடைக்காரன்:
புதர் மண்டிய சரிவில் இப்போதே வேறு பூ இல்லை என்றுதானே முதல் பதிவு? அங்கே மட்டும் ஜூனில், பகலில் மட்டும் விடட்டும். முன்னே ஒரு ஆள், பின்னே ஒரு ஆள், ராத்திரிக்குக் கிடை பூங்காவுக்கு வெளியே. பக்கத்திலேயே மேயாத சரிவு ஒன்றையும் ஒதுக்கி, சில வருடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சரிவு என்று பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள பியூந்தார் கிராமத்துப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.